வசதி என்று சொல்லி வேலையை யார் தலையில் கட்டுகிறோம்?

நிரல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சின்னக் கடைகளுக்காகச் செயலி ஒன்றைச் செய்கிற நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். ஆர்டர் எடுப்பது, முன்பதிவு, பணம் வாங்குவது எல்லாம் அதில் உண்டு. எங்கள் கூட்டங்களில் யார் எந்த ஃபீச்சரைக் கொண்டுவந்தாலும் "வாடிக்கையாளருக்கு ரொம்ப வசதி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் பல சமயம் வசதி எங்களுக்கு, வேலை வாடிக்கையாளருக்கு. கவுன்ட்டரில் ஓர் ஊழியர் செய்துகொண்டிருந்த வேலையை வாடிக்கையாளர் தன் கைப்பேசியில் செய்கிறார். எழுத்து ஒன்று மாறிவிட்டால் பழியும் அவர்மேல்தான் விழுகிறது. இதைப் பற்றி இங்கே மனம்விட்டுப் பேசலாம் என்று தோன்றியது.

லாரி டெஸ்லர் என்று ஒருவர் இருந்தார். ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை பார்த்தவர். கட், காப்பி, பேஸ்ட் நம் எல்லாருக்கும் கைவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2020இல் காலமானார். எந்த மென்பொருளிலும் ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியாத சிக்கல் இருந்தே தீரும் என்பது அவர் கருத்து. அதை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாக உழைத்து அதைச் சுமக்கலாம். இல்லாவிட்டால் லட்சக்கணக்கான பயனர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் சுமப்பார்கள். டெஸ்லர் பயனர் பக்கம் நின்றார்.

நம் ஊரில் இதற்குச் சரியான உதாரணம், பஸ், ரயில் கட்டணத்துக்கான புது முறையான சிம்ப்ளிகோ விவகாரம். 2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது. சிம்ப்ளிகோவுக்கு மாற்றப்படாத பெரியவர் (அதாவது சலுகை இல்லாத முழுக் கட்டண) ஈசி-லிங்க் அட்டையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டையும் ஜூன் 1 முதல் பஸ்ஸிலும் ரயிலிலும் செல்லாது என்றார்கள். புது முறையில் அட்டையைத் தட்டினால் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று வாசலில் காட்டாது. செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். ஊரே கொந்தளித்தது. இரண்டு வாரம் முடிவதற்குள், 22ஆம் தேதி, அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவை மாற்றினார். பழைய முறையைக் குறைந்தது 2030 வரை ஓட்ட 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது.

இத்தனைக்கும் அந்த நேரத்தில் பெரியவர்களின் கட்டணப் பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே புது முறைக்கு வந்துவிட்டிருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் "மக்கள் மாறிவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களை நகர்த்தினால் போதும்" என்றுதான் தோன்றும். எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு வரைபடம் காட்டப்பட்டிருந்தால் பெரும்பாலானோர் தலையாட்டியிருப்பார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு ஏன் நகரவில்லை என்று கேட்பதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜூரோங் கதிர்:

நல்ல இழை. நான் பேக்எண்ட் ஆள், பணப் பரிமாற்றச் சர்வர்களோடுதான் என் பிழைப்பு. ஆணையத்துக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

ஈசி-லிங்க் 2002இல் வந்தது. அதில் பணம் அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. வாசல் கருவி அட்டையைப் படித்து, கழித்து, புதுத் தொகையை அட்டையிலேயே எழுதிவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் மீதியைக் காட்டுவது அதற்குச் சுலபம். சிம்ப்ளிகோவில் அட்டை "நான் இன்னார்" என்று மட்டும் சொல்லும். கணக்கு சர்வரில் இருக்கிறது. மீதியைக் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வரைக் கேட்டுப் பதில் வரும்வரை ஆளை நிறுத்த வேண்டும். சில விநாடிதான், ஆனால் ஜூரோங் ஈஸ்ட்டில் காலை எட்டரை மணிக்கு ஆளுக்குச் சில விநாடி என்றால் வரிசை மின்படிக்கட்டு வரை போகும்.

பலனும் இருக்கிறது. அட்டை தொலைந்தால் செயலியிலேயே முடக்கிவிடலாம், மீதிப் பணம் தப்பிக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி பணம் நிரப்பலாம். வங்கி அட்டையையே தட்டிக்கொண்டு போகலாம். பொறியாளர்கள் சோம்பேறித்தனத்தால் செய்ததில்லை இது.

செம்பவாங் செல்வி:

//பலனும் இருக்கிறது//

கதிர் அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அந்தப் பலன் எல்லாம் யாருக்கு என்று பாருங்கள்.

என் அம்மாவுக்கு அறுபது இன்னும் ஆகவில்லை, அதனால் மூத்தோர் சலுகை அட்டை கிடையாது, பெரியவர் அட்டைதான். துப்புரவு வேலை, விடியற்காலை முதல் பஸ். தட்டும்போது கருவியில் வரும் எண்ணைத் தினமும் பார்ப்பார். ஐந்து வெள்ளிக்குக் கீழே போனால் அன்று மாலை ரயில் நிலைய இயந்திரத்தில் பத்து வெள்ளித் தாளைப் போட்டு நிரப்புவார். மாதம் எவ்வளவு பஸ்ஸுக்குப் போகிறது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு தடவை இறங்கும்போது தட்டியது சரியாகப் பதிவாகாமல் கூடுதலாகக் கழிந்திருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிய உடனே அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் வங்கி அட்டையைத் தட்டுகிறவள், எனக்குத் தெரிந்தே இருக்காது.

அவருக்குச் செயலி தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வாட்ஸ்ஆப்பில் ஊருக்குப் பேசுகிறார், யூடியூபில் பக்திப் பாடல் கேட்கிறார். அந்த எண்ணைப் பார்க்கக் கைப்பேசியை எடுத்து, செயலியைத் திறந்து, உள்ளே நுழைந்து, தேட வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் அவர் கேள்வி. இத்தனை நாள் சும்மா கிடைத்த தகவல் அது.

நிரல்வாசி:

செல்வி, இந்த விவரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கதிர் சொன்ன தொழில்நுட்பக் காரணமும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. திட்டமிட்டவர்கள் வாசலை "ஆள் கடந்து போகும் இடம்" என்று பார்த்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அது கணக்குப் பார்க்கும் இடமும்கூட. ஒரு பொருளை மக்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பது அதைச் செய்தவருடைய ஆவணத்தில் பாதிதான் இருக்கும். மீதியைப் பஸ் ஏறிப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேக்கா மளிகை:

நான் தொழில்நுட்பம் படித்தவள் இல்லை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கடை வைத்திருக்கிறேன். பணம் வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

முன்பெல்லாம் கல்லா முன்னால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். எதை ஸ்கேன் செய்வது என்று ஆட்கள் தடுமாறுவார்கள். 2018இல் எஸ்ஜிக்யூஆர் வந்து எல்லாம் ஒரே ஸ்டிக்கருக்குள் அடங்கியது. அது உண்மையிலேயே நல்ல வேலை, செய்தவர்களுக்குப் புண்ணியம்.

ஆனால் ஸ்கேன் செய்த பிறகு நடப்பதைப் பாருங்கள். வாடிக்கையாளர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி "அக்கா, போயிடுச்சு" என்பார். பச்சைக் குறி தெரியும். அது இன்றைய பரிவர்த்தனையா, போன வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டா? பேரும் தொகையும் படிப்பதற்குள் கையை இழுத்துக்கொள்வார். பணம் வந்த அறிவிப்பு என் வீட்டுக்காரர் கைப்பேசிக்குப் போகிறது, கணக்கு அவர் பேரில். அவர் சாமான் எடுக்க பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நிற்பார். கடையில் இருக்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நிற்க இடமிருக்காது, உங்களுக்கே தெரியும். அந்த நெரிசலில் "கொஞ்சம் இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் ஆள் முகம் சுருங்கிப் போகிறது. திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

வாங்குகிறவருக்கு மூன்று விநாடி மிச்சம். சரிபார்க்கிற பொறுப்பு முழுக்க எங்கள் தலையில். ரொக்கம் என்றால் தாள் கைக்கு வந்ததோடு முடிந்தது.

தமிழ்நாட்டுக்குப் போனால் தெருமுனை டீக்கடையில்கூட ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்கிறது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். அதை யோசித்தவர் கட்டாயம் ஒரு கடையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நிரல்வாசி:

அக்கா, இதை எங்கள் குழுவுக்கு அப்படியே அனுப்பப்போகிறேன். எங்கள் டேஷ்போர்டில் "பணம் செலுத்தும் நேரம்" என்று ஓர் எண் இருக்கிறது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்ததிலிருந்து பச்சைக் குறி வரும்வரை எடுக்கும் நேரம் அது. கடைக்காரருக்கு நம்பிக்கை வரும் நேரத்தை நாங்கள் அளப்பதே இல்லை. இரண்டு பேர் சம்பந்தப்பட்ட காரியத்தில் ஒருவருடைய கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வங்கிப்பக்கம்:

மோசடித் தடுப்புப் பிரிவில் இருக்கிறேன், எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. இழை போகிற போக்கில் "பயனர் தலையில் எதையும் ஏற்றாதே" என்று முடிந்துவிடுமோ என்ற கவலையில் எழுதுகிறேன். சில வேளைகளில் ஏற்றத்தான் வேண்டும்.

2021 டிசம்பரில் வங்கி அனுப்பியதுபோல வந்த போலி எஸ்எம்எஸ்களால் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்கள் 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். வாழ்நாள் சேமிப்பு போனவர்கள் உண்டு. அந்த எஸ்எம்எஸ்ஸில் ஓர் இணைப்பு இருந்தது, தட்டினால் உள்நுழையும் பக்கம் மாதிரியே ஒன்று வரும். எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு வைப்பதை அதற்கு முன்னால் எல்லாரும் வசதி என்றுதான் நினைத்தோம். "ஒரே தட்டலில் உள்ளே வாருங்கள்" என்று வாடிக்கையாளர்களைப் பழக்கியது வங்கிகள்தான். மோசடிக்காரன் அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி வந்தான்.

2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து விதிகளை இறுக்கின. வாடிக்கையாளருக்கு அனுப்பும் எஸ்எம்எஸ், மின்னஞ்சலில் தட்டக்கூடிய இணைப்பு கூடாது. புதுக் கைப்பேசியில் பரிவர்த்தனையை உறுதிசெய்யும் மின்னிலக்க டோக்கன் போட்டால் அது வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பணம் வெளியே போனால் வரும் அறிவிப்பின் வரம்பு இயல்பாகவே 100 வெள்ளி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு, கணக்கை ஒரே அடியாக முடக்கும் அவசரப் பொத்தானும் வந்தது. பணத்தில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் இப்போது இருக்கிறது. பூட்டிய பணத்தை இணையத்தில் சட்டென்று அனுப்ப முடியாது.

அந்த 12 மணி நேரத்துக்காக எங்களுக்கு வராத திட்டு இல்லை. ஆனால் கணவர் இறந்த பிறகு வந்த காப்புறுதிப் பணத்தை இழந்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவரோடு பேசிப் பார்த்தவர்கள் அந்த 12 மணி நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஜூரோங் கதிர்:

முழுக்க ஒத்துப்போகிறேன். இன்னொன்று: எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்கள் அனுப்புநர் பெயரைப் பதிவுசெய்யும் விதி 2023 ஜனவரி இறுதியில் கட்டாயமானது. பதிவில்லாத பெயரிலிருந்து வந்தால் மோசடியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு எஸ்எம்எஸ் வருகிறது. 2024 ஜூலையிலிருந்து அநேகமாக எல்லா அரசு அமைப்புகளும் ஒரே பெயரில் அனுப்புகின்றன. இதில் பயனர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் மண்டையை உடைத்துக்கொண்டன. நிரல்வாசி சொன்ன டெஸ்லர் கணக்கு இங்கே சரியான பக்கம் சாய்ந்திருக்கிறது.

துவாஸ் பக்கம்:

வணக்கம் அண்ணே, அக்கா. நான் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தங்கும் விடுதியிலிருந்து எழுதுகிறேன்.

பணம் அனுப்புவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. முன்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி நாள் லிட்டில் இந்தியாவில் வரிசையில் போய்விடும். கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்புகிற பேநவ் 2017இல் வந்தது, எங்களுக்கும் வெளிநாட்டவருக்கான ஃபின் அடையாள எண்ணை வைத்துப் பதிய முடிந்தது. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி பேநவ்வையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்தார்கள். ஊரில் இருப்பவரின் யூபிஐ முகவரியை வைத்தே அனுப்பலாம் என்று ஆனது. தொடக்கத்தில் சேர்ந்த இந்திய வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் கணக்கு அங்கேதான்.

நீங்கள் தட்டல் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு தட்டல் கூடினாலும் பரவாயில்லை. அனுப்புவதற்கு முன்னால் அம்மா பேர் திரையில் வர வேண்டும். இங்கே எத்தனை வெள்ளி கழியும், அங்கே எத்தனை ரூபாய் சேரும், நடுவில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் தெரிய வேண்டும். மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்புகிறவன் அந்தத் திரையை அவசரமாகக் கடந்து போக மாட்டான்.

எங்களுக்குப் பெரிய தலைவலி ஓடிபிதான். வேலை மாறும்போது நிறைய பேருக்கு சிம் மாறிவிடும். சில பேர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து புது எண் வாங்குவார்கள். செயலி பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். எண்ணை மாற்றலாம் என்று உள்ளே போனால், மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்கே ஓடிபி வரும். என் அறையில் ஒருவர், ஒரு பணம் அனுப்பும் செயலியில் இப்படி மாட்டிக்கொண்டார். உதவி எண்ணுக்கு அழைத்தால் ஆங்கிலத்தில் இயந்திரம் பேசிக்கொண்டே இருந்தது. கடைசியில் விடுமுறை போட்டு நேரில் போனார், ஒரு நாள் சம்பளம் போயிற்று.

இன்னொன்று. எங்கள் கைப்பேசி பழசு, நினைவகம் எப்போதும் நிறைந்தே இருக்கும். வாரம் ஒரு அப்டேட் வந்தால் குழந்தை படத்தை அழித்துவிட்டுத்தான் செயலியை வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அலுவலகத்தில் சோதனைக்கு இந்த மாதிரிக் கைப்பேசி ஒன்று இருக்கிறதா அண்ணே?

நிரல்வாசி:

தம்பி, இருக்கிறது, ஆனால் இழுப்பறையில் கிடக்கிறது. தினசரிச் சோதனைக்கு அதைக் கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன்.

நீங்கள் சொன்ன ஓடிபி சுழல் முக்கியமான விஷயம். வடிவமைக்கும்போது எல்லாரும் நல்ல பாதையைத்தான் வரைகிறோம்: எண் இருக்கிறது, ஓடிபி வந்தது, உள்ளே போனார். எண் மாறுவது எங்களுக்கு அபூர்வம். உங்களுக்கு அது வாழ்க்கையில் சாதாரணமாக நடப்பது. எது அபூர்வம் என்று முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பத்து வருடமாக ஒரே எண் வைத்திருப்பவர்கள்.

வங்கிப்பக்கம்:

துவாஸ் தம்பி, பழைய எண்ணுக்கே ஓடிபி அனுப்புவதில் ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு. கணக்கைக் கைப்பற்றியவன் எண்ணைத்தான் முதலில் மாற்றுவான். அதற்காக உங்கள் நண்பரைத் தெருவில் விட்டதை நியாயப்படுத்த முடியாது. எண்ணை இழந்தவருக்கு வேறு வழியில் ஆளை உறுதிப்படுத்தும் கதவு ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் முக அடையாளம் இருக்கிறது, வேலை அனுமதி அட்டை இருக்கிறது. அந்தக் கதவு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும், தமிழிலும் வங்காளத்திலும் பேச வேண்டும். பாதுகாப்புக்காக ஒரு தடை போட்டால், நியாயமானவர் அதைத் தாண்டும் வழியையும் சேர்த்தே கட்டித் தர வேண்டும். பாதியைக் கட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எங்கள் துறையின் பழைய வியாதி.

படிக்கிற பிள்ளை:

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் யூஎக்ஸ், அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பு, படிக்கிறேன். வகுப்பில் எங்களுக்கு "உராய்வைக் குறை", அதாவது பயனரைத் தாமதப்படுத்தும் படிகளைக் குறை என்றுதான் சொல்லித் தருகிறார்கள். அமேசான் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு 1999இல் காப்புரிமை வாங்கியதைப் பெரிய வெற்றியாகப் படித்தோம். இங்கே பேசுவதைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. வேகம் வேண்டாமா? எல்லாரும் பாராட்டுகிற ஒரு நல்ல உதாரணம் நம் ஊரிலிருந்தே சொல்லுங்களேன்.

நிரல்வாசி:

வேகம் கட்டாயம் வேண்டும் தங்கச்சி. அந்த ஒரே கிளிக்கில் முகவரியையும் அட்டை எண்ணையும் திரும்பத் திரும்பத் தட்டுகிற வேலையை நிறுவனம் எடுத்துக்கொண்டது. அது உண்மையான வசதி.

நம் ஊர் உதாரணம் என்றால் நான் எப்போதும் பார்க்கிங் செயலியைத்தான் சொல்வேன். 2017 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் காகிதக் கூப்பன் இருந்தது, உன் அப்பாவிடம் கேட்டுப் பார். வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் சின்ன வட்டங்கள். காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்து, கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். அதைவிடக் கஷ்டமானது ஊகம். மருத்துவரைப் பார்க்க அரை மணி ஆகுமா, ஒன்றரை மணி ஆகுமா? குறைத்துக் கிழித்தால் அபராதம், கூட்டிக் கிழித்தால் காசு வீண். உணவங்காடியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியவர்கள் எத்தனை பேர்!

செயலி செய்கிறவர்கள் அந்தக் கூப்பனை அப்படியே திரைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரத் துண்டுகளாக விற்றிருக்கலாம். வருமானமும் குறைந்திருக்காது. அவர்கள் நிமிடக் கணக்கில் கட்டணம் வைத்தார்கள். சீக்கிரம் திரும்பி வந்தால் நிறுத்திவிடலாம், பயன்படுத்தாத நேரத்துக்குப் பணம் திரும்பி வரும். நேரம் முடியப்போகிறது என்று நினைவூட்டும், இருந்த இடத்திலிருந்தே நீட்டிக்கலாம். ஓட்டுநரின் மனசில் இருந்த இரண்டு பயங்களையும் எடுத்துவிட்டார்கள். கூப்பனில் வீணாய்ப் போன நிமிடங்கள் யாரோ ஒருவருக்கு வருமானமாக இருந்தவை. அதை விட்டுக்கொடுக்க ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திரையின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மைஇன்ஃபோவும் அதே வகை. அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைப் படிவத்தில் தானே நிரப்பித் தருகிறது. வங்கிக் கணக்கு திறக்க முன்பு சம்பளச் சீட்டும் முகவரிச் சான்றும் நகல் எடுத்துக்கொண்டு அலைவோம்.

ஜூரோங் கதிர்:

என் வோட்டு சிடிசி பற்றுச்சீட்டுக்கு. சிங்கப்பூரர் குடும்பங்கள் கடையில் பணம்போலக் கொடுக்க அரசாங்கம் தருகிற சீட்டு அது, 2021 டிசம்பரில் மின்னிலக்கமாக ஆக்கினார்கள். குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸில் நுழைந்து பெற்றுக்கொண்டால் எஸ்எம்எஸ்ஸில் ஓர் இணைப்பு வரும். அதை வாட்ஸ்ஆப்பில் வீட்டாருக்கு அனுப்பலாம். வாங்குகிறவருக்குத் தனிச் செயலி கிடையாது, இன்னொரு கடவுச்சொல் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் "எங்கள் செயலியை இறக்குங்கள்" என்று ஆரம்பித்திருப்பார்கள். பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டி மேலிடத்தில் பேர் வாங்கலாமே.

கைப்பேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்துக்குப் போனால் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். என் நண்பர்கள் சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள், மின்னிலக்கத் திட்டத்தில் எதற்குக் காகிதம் என்று. அந்தத் திட்டத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

வங்கிப்பக்கம்:

ஒரே ஒரு குறுக்கீடு கதிர். எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு என்றாலே எனக்கு வயிறு கலங்கும். வாடிக்கையாளர் தானே இணையப் பக்கத்துக்குப் போய்க் கேட்டு வாங்குவதால் இதை ஏற்றுக்கொள்கிறேன். கேட்காமல் வரும் இணைப்பைத் தட்டாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

தேக்கா மளிகை:

//என் வோட்டு சிடிசி பற்றுச்சீட்டுக்கு//

என் வோட்டும்தான். கடையில் நடப்பதைச் சொல்கிறேன். புளோக் பக்கத்தில் இருக்கும் தாத்தா ஒருவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைப் பையில் மடக்காமல் வைத்துக்கொண்டு வருவார். நான் தாளில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் மீதி எத்தனை சீட்டு இருக்கிறது என்று என் திரையில் தெரியும். 2 வெள்ளி, 5 வெள்ளி, 10 வெள்ளி என்று பிரித்திருக்கிறார்கள். 7 வெள்ளி 40 காசு என்றால் ஒரு ஐந்து, ஒரு இரண்டு, மிச்சம் 40 காசு சில்லறை. பற்றுச்சீட்டுக்கு நாங்கள் சில்லறை திருப்பித் தரக்கூடாது, அதனால் எட்டு வெள்ளிக்குச் சீட்டு எடுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். அவரே கூட்டிச் சொல்லிவிடுவார்.

பாருங்கள், இதில் சரிபார்க்கும் வேலை என் கையில், என் திரையில் இருக்கிறது. அவர் எதையும் நீட்டி நிரூபிக்க வேண்டியதில்லை, நானும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பணம் செலுத்தும் முறையிலும் ஏன் இப்படி வைக்கக்கூடாது என்று அப்போதே நினைத்தேன்.

செம்பவாங் செல்வி:

அக்கா சொன்னது முக்கியம். அம்மாவுக்கும் தாள்தான் பிடிக்கும், கைப்பேசி இருந்தாலும். மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடம் கேட்டுத் தாளின் பின்னால் பேனாவால் எழுதிக்கொள்வார். பஸ் அட்டையில் பார்த்த அதே கண்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு டெலிவரி நிறுவனம், பெயர் வேண்டாம். தப்பான பொருள் வந்தது. செயலியில் மனிதரோடு பேச வழியே இல்லை. சாட்பாட் மூன்று தேர்வு தருகிறது, மூன்றும் என் பிரச்சினை இல்லை. மாதச் சந்தாவில் சேர ஒரு பொத்தான் முன்பக்கத்திலேயே மின்னுகிறது; விலக வேண்டுமானால் அமைப்புகளுக்குள் நாலு பக்கம் தாண்டி, "உறுதியாகவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் விடுகிறது. நுழைவதற்கு யோசித்த அதே மூளைதானே வெளியேறவும் வழி போட்டது? தெரிந்தே செய்கிறார்கள்.

படிக்கிற பிள்ளை:

அக்கா, அதற்கு எங்கள் வகுப்பில் ஏ/பி டெஸ்ட் என்று ஒரு விளக்கம் இருக்கிறது, இரண்டு வடிவங்களை ஆட்களுக்குப் பிரித்துக் காட்டி எது நல்ல எண் தருகிறது என்று பார்ப்பது. விலகும் பொத்தானை மறைத்தால் விலகுகிறவர்கள் குறைவு என்று எண் காட்டும். எண் நன்றாக இருப்பதால் அது அப்படியே இருந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வேலைக்குப் போனால் எனக்கும் அந்த எண்ணைத்தானே கொடுப்பார்கள்?

நிரல்வாசி:

கொடுப்பார்கள். அப்போது இன்னோர் எண்ணையும் கேட்டு வாங்கு. விலக முயன்று முடியாமல் வங்கி அட்டையையே ரத்து செய்தவர்கள் எத்தனை பேர், உதவி மையத்துக்கு ஒரே பிரச்சினைக்காக இரண்டாம் தடவை அழைத்தவர்கள் எத்தனை பேர், பதிவை ஆரம்பித்து ஓடிபி கட்டத்தில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர். இதெல்லாம் நிறுவனத்தில் எங்காவது ஒரு கோப்பில் இருக்கும். அதை எடுத்து மேசையில் வைக்கும் ஆளாக நீ இரு. புதுசாக வந்தவர் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

எங்கள் பக்கம் இந்த வாரம் இரண்டு விஷயம் ஆரம்பிக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு ஃபீச்சர் ஆவணத்திலும் "இந்த வேலையை இதுவரை செய்தவர் யார், இனிமேல் செய்யப்போகிறவர் யார், தப்பானால் நஷ்டம் யாருக்கு" என்று மூன்று வரி எழுதாமல் ஸ்பிரிண்ட்டுக்குள், அதாவது அடுத்த சுற்று வேலைக்குள், எடுப்பதில்லை. குழுவில் சம்மதம் வாங்கிவிட்டேன். இரண்டு, பணம் வந்ததும் கடைக் கவுன்ட்டரில் இருப்பவருக்கே தொகையைக் குரலில் சொல்லும் அறிவிப்பு. உரிமையாளரின் கைப்பேசியை நம்பாமல், கடையில் கிடக்கிற எந்தப் பழைய ஆண்ட்ராய்டிலும் ஓட வேண்டும் என்று வரையறுத்திருக்கிறோம். துவாஸ் தம்பி, உங்கள் கைப்பேசி மாடலை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அதில் ஓடினால்தான் வெளியிடுவோம்.

தேக்கா அக்கா, முதல் பதிப்பை உங்கள் கடையில் வைத்துப் பார்க்கலாமா? நெரிசலில்தான் உண்மை தெரியும், ஞாயிற்றுக்கிழமை மாலை வரட்டுமா?

தேக்கா மளிகை:

தாராளமாக வாங்க தம்பி. ஆனால் முதல் நாளே ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், எனக்கு உங்களோடு பேச முடியாது. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்து பொருத்திக் கொடுங்கள், கடைப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓரமாக நின்று பாருங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

குரல் தமிழில் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்துக் கடைச் சீன அங்கிளும் கேட்கிறார். மாண்டரினும் மலாயும் சேர்த்து விடுங்கள். சத்தம் நன்றாக இருக்கட்டும்; எதிர்க் கடையில் பரோட்டாக் கல்லும் புகைபோக்கியும் ஓடும்போது எனக்கே என் குரல் கேட்காது. அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் அனுப்பினால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதை யோசித்துவிட்டு வாங்க.